கேன்டர் யூதரா? கணித தின சார்ட்டில் என்ன எழுதுவது

டிசம்பர் 22 தேசியக் கணித தினம். கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, மன்னவனூர் என்று மலை மேல் இருக்கிற பள்ளிகளில் நவம்பர் கடைசியிலேயே சார்ட் வேலை தொடங்கிவிடும். ராமானுஜன் சார்ட்டில் தப்பு வந்தால் சுட்டிக்காட்ட ஊரில் நாலு பேர் இருப்பார்கள். பிளஸ் ஒன் முதல் பாடமே கணங்கள் என்பதால் யாராவது கணக் கோட்பாட்டை உருவாக்கிய ஜெர்மன் கணிதர் ஜார்ஜ் கேன்டரை எடுப்பார்கள். அங்கேதான் வம்பு. கேன்டர் சார்ட் எழுதினால் பெரும்பாலும் இந்த நாலு வாக்கியம்தான் வரும்: அவர் ரஷ்யாவில் பிறந்த யூதக் கணிதமேதை. பெர்லின் கணிதரான குரோனெக்கர் என்ற இன்னொரு யூதர் அவரைத் துன்புறுத்தினார். அதனால் மனநோய் வந்தது. முடிவிலியை நினைத்து நினைத்தே பைத்தியமாகி இறந்தார்.

நாலு வாக்கியத்திலும் சண்டை இருக்கிறது. வரலாற்றாய்வாளர்கள் நூறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிற சண்டை. எது எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று பார்த்துவிட்டால் அதே இடத்தில் சரியான ஒன்பது வரி எழுதிவிடலாம்.

முதலில் சுலபமானது, பிறந்த தேதி. சில இடங்களில் 1845 பிப்ரவரி 19, சில இடங்களில் மார்ச் 3. இரண்டும் சரி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அப்போது ஜூலியன் நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டில் அது நம்முடைய நாட்காட்டியைவிட 12 நாள் பின்னால் ஓடியது. 19உடன் 12 கூட்டினால் 31. 1845 லீப் வருஷம் இல்லை, பிப்ரவரிக்கு 28 நாள், ஆக மார்ச் 3. தப்பு வருவது இரண்டு விதமாக. 20ஆம் நூற்றாண்டுக்கான 13 நாள் கணக்கைப் போட்டு மார்ச் 4 என்பார்கள். அல்லது ஏற்கனவே மாற்றிய மார்ச் 3ஐ மறுபடி மாற்றி 15க்குக் கொண்டுபோவார்கள். எந்த நாட்காட்டி என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால் இரண்டும் நடக்காது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியதும் அதே 1845இல்தான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு மனதில் நிற்க இது ஒரு வழி.

ரஷ்யக் கணிதமேதை என்பதை எடுத்துவிடலாம். 1856இல், பதினோரு வயதில், குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய்விட்டார். படிப்பு சூரிச்சிலும் பெர்லினிலும், வேலை 1869இலிருந்து ஹாலே பல்கலைக்கழகத்தில். பிறந்த ஊரை எழுதினால் போதும்.

இனி பெரிய கேள்வி. கேன்டர் யூதரா?

இது ஒரு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. முன்னோர் யார், ஞானஸ்நானம் எந்தச் சபையில், தன்னைப் பற்றி அவரே என்ன சொன்னார். மூன்றுக்கும் மூன்று வகை ஆவணம் வேண்டும். ‘யூத’ என்ற ஒரே அடைமொழியில் மூன்றையும் போட்டு அமுக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

ஞானஸ்நானத்தில் தகராறே இல்லை. தந்தை ஜார்ஜ் வால்டெமார் கேன்டர் கோபன்ஹேகனில் பிறந்தவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லூத்தரன் சூழலில் வளர்ந்த வணிகர். தாய் மரியா அன்னா போம் ரோமன் கத்தோலிக்கர், வயலின் கலைஞர்கள் நிறைந்த குடும்பம். பிள்ளைகள் லூத்தரன் சபையில் வளர்ந்தார்கள். கேன்டர் கடைசிவரை பக்தியுள்ள கிறிஸ்தவராகவே இருந்தார். முடிவிலியைப் பற்றி கத்தோலிக்க இறையியலாளர்களோடு கடிதம் எழுதி விவாதித்தார். அவர்களில் முக்கியமானவர் கர்தினால் ஃபிரான்சலின், ஒரு இயேசு சபைத் துறவி. திருச்சபை கேன்டரை எதிர்த்தது என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1886இல் ஃபிரான்சலின் சொன்னது எதிர்ப்பு இல்லை, நிபந்தனையோடு ஒரு ஒப்புதல்: கடவுளுடைய முழுமுதல் முடிவிலியையும் படைக்கப்பட்ட உலகில் வரும் முடிவிலியையும் குழப்பாதவரை இதில் ஆபத்தில்லை என்பது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி தொடங்கிய 1895இல்தான், முடிவிலாக் கணங்களின் அளவைக் குறிக்கக் கேன்டர் எடுத்த அலெஃப் எழுத்து மாத்தமாட்டிஷே அன்னாலென் என்ற ஜெர்மன் கணித இதழில் அச்சேறியது.

அலெஃப் என்றதும் ஒருவர் கையைத் தூக்குவார்: எபிரேய எழுத்தை எடுத்தாரே, அதுவே சான்று இல்லையா? இல்லை. கிரேக்க, ரோமன் எழுத்துகள் எல்லாம் ஏற்கனவே வேறு வேறு வேலைக்குப் போய்விட்டன, புதிய பொருளுக்குப் புதிய எழுத்து வேண்டும் என்பதுதான் அவர் கொடுத்த காரணம். எபிரேய அச்செழுத்து ஜெர்மன் அச்சகங்களில் இருந்தது. பழைய ஏற்பாடு படிக்கிற நாட்டில் அது அபூர்வம் இல்லை. குறியீட்டை வைத்து வம்சம் சொல்வது ஜோசியம்.

முன்னோர் விஷயத்துக்கு வருவோம். கையில் இருப்பவை நாலு.

முதலாவது, அவருடைய தம்பி லுட்விக் 1869 நவம்பர் 18இல் அம்மாவுக்கு எழுதிய கடிதம். கடிதத்தின் தொனி நன்றாக இல்லை. சமூக வாழ்வில் கிறிஸ்தவர்களோடு பழகுவதையே விரும்புகிறேன் என்று எழுதுகிறார். ஆனால் அதே வாக்கியத்தில், நாம் பத்து மடங்கு யூதர்களிடமிருந்து வந்தவர்களாகவே இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு வார்த்தை விழுகிறது. வாதத்துக்காக ஒப்புக்கொண்டதா, உண்மையாகவே அப்படியா என்று அந்த ஒரு வரியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் வீட்டுக்குள் புழங்காத பேச்சாக இருந்தால் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் விளக்கம் இல்லாமல் அது வந்திருக்காது. என் கணிப்பு அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த வரியை இழுக்க மாட்டேன்.

இரண்டாவது, கேன்டரே 1896இல் பிரெஞ்சு அறிவியல் வரலாற்றாசிரியர் பால் டானரிக்கு எழுதிய கடிதம். அதில் தன் தந்தையின் பெற்றோர் கோபன்ஹேகனின் போர்ச்சுகீசிய யூதச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்கிறார். இதைவிட நேரடியான சான்று கிடையாது. அவர் கைப்பட எழுதியது, யாரும் வற்புறுத்தவில்லை, சொல்வதால் லாபமும் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாத்தா பாட்டி என்ன மதம் என்பது பேரனுக்குக் கேள்விப்பட்டுத் தெரிவது. அதனால் ‘அவர் யூத வம்சம்’ என்று எழுதுவதைவிட ‘அப்படி அவரே 1896இல் எழுதியிருக்கிறார்’ என்று எழுதுவது பாதுகாப்பு. இரண்டாவது வாக்கியத்தை யாரும் அசைக்க முடியாது.

மூன்றாவதும் நாலாவதும் ஒரே ஆண்டில் வருகின்றன: 1937.

அந்த ஆண்டு அமெரிக்காவில் எரிக் டெம்பிள் பெல் எழுதிய ‘மென் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ வெளியானது. உலகம் முழுக்கப் பள்ளி நூலகங்களில் இருக்கிற புத்தகம். கணிதமேதைகளைப் பற்றிப் புழங்கும் பல கதைகளுக்கு மூலம் அது. கேன்டர் இரு பக்கமும் தூய யூத வம்சம் என்று பெல் எழுதினார். எந்த ஆவணம் என்று சொல்லவில்லை. தாய் வழி கத்தோலிக்க இசைக் குடும்பம் எப்படித் ‘தூய யூத’ ஆனது என்பதற்கு விளக்கம் இல்லை. அதோடு நிற்காமல் கேன்டர், குரோனெக்கர் பகையையே யூதருக்கும் யூதருக்குமான பகை என்று அருவருப்பான ஒரு பொதுமைப்படுத்தலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சார்ட்டில் வரும் ‘இன்னொரு யூதர்’ அங்கிருந்து வந்த வாலாக இருக்க வாய்ப்பு அதிகம். பெல்லைப் பற்றி ஒரு உபரித் தகவல்: சிறுவயதில் கலிபோர்னியாவில் வளர்ந்ததைத் தன் மனைவி மகனிடமிருந்துகூட மறைத்து வைத்தவர் அவர். பிற்பாடு 1993இல்தான் அந்தக் கதை முழுசாக வெளியே வந்தது. அடுத்தவர் வாழ்க்கையை எழுதுகிறவர்!

அதே 1937இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு சான்று. டென்மார்க்கின் வம்சாவளி நிறுவனம் கொடுத்தது. ஜார்ஜ் வால்டெமார் கேன்டர், பிறப்பு 1809 அல்லது 1814, யூதச் சமூகப் பதிவேட்டில் இல்லை, சந்தேகமே இல்லாமல் அவர் யூதர் அல்ல என்று அதில் இருக்கிறது.

இந்தத் தாளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘1809 அல்லது 1814’ என்பதைப் பாருங்கள். தேடியவர் கையில் உறுதியான பிறந்த ஆண்டே இல்லை. ஐந்து வருஷம் இடைவெளி. அடுத்தது, பதிவேட்டில் பெயர் இல்லை என்பது ஒரு கண்டுபிடிப்பு. யூதர் அல்ல என்பது ஒரு முடிவு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பாலம் போடப்படவில்லை. குடும்பம் நெப்போலியன் போர்க் காலக் குழப்பத்தில் கோபன்ஹேகனை விட்டு ரஷ்யாவுக்குப் போனது. பெற்றோர் சமூகத்தை விட்டு விலகியிருந்தாலும், பிள்ளையைப் பதியாமல் போயிருந்தாலும் பெயர் இருக்காது. தாத்தாவின் பெயரைத் தேடினார்களா என்பதே அந்த வாசகத்தில் இல்லை, கேன்டரின் 1896 கடிதமோ தாத்தா பாட்டியைப் பற்றியது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆண்டு. நாஜி அரசின் 1933 ஏப்ரல் சட்டம் யூத வம்சத்தினரை ஜெர்மன் அரசுப் பணியிலிருந்து வெளியேற்றியது. 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் குடியுரிமையையும் திருமணத்தையும் தாத்தா பாட்டியின் மதத்தோடு கட்டிப்போட்டன. அந்தக் காலத்தில் ஒருவர் யூதர் அல்ல என்று சொல்லும் காகிதம் உயிரைக் காக்கும் காகிதம். நம் ஊரில் ஜாதகத்தில் ஒரு பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறு தேதியும் இருந்தால், எது எதற்காக எழுதப்பட்டது என்றுதானே முதலில் கேட்போம்? சான்று பொய் என்று நான் சொல்லவில்லை. ‘சந்தேகமே இல்லாமல்’ என்ற சொற்களுக்கு அந்த ஆண்டில் இருந்த எடை வேறு.

1971இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஐவர் கிராட்டன்-கின்னஸ் பெல்லின் கதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப்போட்டார். யூத முன்னோர் பற்றிச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்றும், கேன்டரின் மனைவி வால்லி குட்மான்தான் யூதர் என்றும் எழுதினார். 1987இல் கேன்டரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புர்கெர்ட், இல்காவுட்ஸ் இருவரும் கேன்டரின் அச்சான எழுத்துகளிலும் அவர் விட்டுப்போன தாள்களிலும் யூத முன்னோர் பற்றி அவருடைய சொந்த வாக்குமூலம் இல்லை என்றார்கள். அப்படியானால் டானரி கடிதம்?

இங்கேதான் வாழ்க்கை வரலாறு எழுதுகிற எல்லோரும் வழுக்கும் இடம். கடிதம் எழுதியவர் வீட்டில் இருக்காது, பெற்றவர் வீட்டில் இருக்கும். கேன்டரின் தாள்களை எத்தனை முறை புரட்டினாலும் டானரிக்குப் போன கடிதம் கிடைக்காமல் போகலாம். அது டானரியின் கடிதத் தொகுப்பில், பாரிஸில், 1934இலேயே அச்சாகிவிட்டது. டென்மார்க் சான்றுக்கு மூன்று வருஷம் முன்பே. ஒருவரைப் பற்றித் தேடும்போது அவர் பெயர் போட்ட தொகுப்புகளோடு நிறுத்தாமல், அவர் யார் யாருக்கு எழுதினார் என்று பட்டியல் போட்டு அவர்களுடைய தொகுப்புகளில் தேட வேண்டும். கேன்டருக்கு அந்தப் பட்டியலில் கணிதர்கள் டெடகிண்ட், மித்தாக்-லெஃப்லர், கிளைன், ஹில்பர்ட், ஹெர்மிட், அதோடு டானரி கட்டாயம் இருக்க வேண்டும்.

1937இல் இன்னும் ஒன்று நடந்தது, அதைப் பெரும்பாலும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கேன்டர், டெடகிண்ட் கடிதங்கள் பாரிஸில் புத்தகமாக வந்தன. தொகுத்தவர்கள் எம்மி நோதர், ஜான் கவாயெஸ். நோதர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933 சட்டத்தால் கட்டிங்கனிலிருந்து வெளியேற்றப்பட்டு 1935இல் அமெரிக்காவில் இறந்துவிட்டார், புத்தகத்தைப் பார்க்கவில்லை. கவாயெஸை 1944இல் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். கேன்டர் பற்றிக் கட்டுக்கதையும் சந்தேகச் சான்றும் முதல்தரமான மூல ஆவணமும் ஒரே ஆண்டில் வெளிவந்து, கட்டுக்கதைதான் பிழைத்து ஓடியது.

அந்த மூல ஆவணங்களும் முழுக்கச் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். 1932இல் கேன்டரின் தொகுப்பு நூலைப் பதிப்பித்த கணிதர் ஜெர்மெலோ, 1899 ஜூலை 28, ஆகஸ்ட் 3 ஆகிய இரண்டு கடிதங்களை ஒட்டி ஒரே கடிதமாக, ஜூலை 28 தேதியில் போட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் எல்லோரும் அதை ஒரே கடிதம் என்றே மேற்கோள் காட்டினார்கள். அசல்களைப் பார்த்த பிறகு 1974இல் கிராட்டன்-கின்னஸ்தான் அவிழ்த்தார். கணக் கோட்பாட்டின் முரண்பாடுகளை எந்த நாளில் எந்த வரிசையில் கேன்டர் யோசித்தார் என்று ஆராய்கிறவருக்கு அந்த ஆறு நாள் இடைவெளி பெரிய விஷயம்.

குரோனெக்கர் விவகாரத்துக்கு வருகிறேன். குரோனெக்கர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதில் சந்தேகம் இல்லை. இறப்பதற்குக் கொஞ்சம் முன், 1891இல், கிறிஸ்தவரானார். கேன்டரின் கணிதத்தை அவர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. 1884 ஜனவரியில், அக்டா என்ற கணித இதழை நடத்திய மித்தாக்-லெஃப்லருக்கு எழுதி, அந்தக் கணக் கோட்பாட்டுக்கெல்லாம் மெய்யான பொருள் இல்லை என்று காட்டுகிற ஒரு சிறு கட்டுரையை அதில் போட முடியுமா என்று கேட்டார். கேன்டர் கொதித்துப்போனார். மே மாதம் முதல் மனநோய்த் தாக்குதல். 1927இல் கணிதர் ஷோன்ஃப்ளீஸ் அந்தக் காலத்துக் கடிதங்களை வெளியிட்டு இரண்டையும் இணைத்தபோது கதைக்கு எலும்பு கிடைத்தது, பெல் சதை வைத்தார்.

சரிபார்க்கச் சுலபமான வழி, ஒரு தாளில் ஆண்டுகளைக் கீழே கீழே எழுதுவது. 1884இல் முதல் தாக்குதல், ஒரு மாதத்துக்குச் சற்று மேல். அதே ஆகஸ்டில் கேன்டரே குரோனெக்கருக்குச் சமாதானக் கடிதம் எழுதுகிறார். 1885இல் கேன்டரை உண்மையில் புண்படுத்தியது நண்பர் மித்தாக்-லெஃப்லர்: நீங்கள் அனுப்பிய கட்டுரை நூறு வருஷம் முன்கூட்டி வந்துவிட்டது, திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். 1891 டிசம்பர் 29 குரோனெக்கர் மறைவு. அடுத்த மருத்துவமனை அனுமதி 1899இல்தான். அதன்பின் பலமுறை. ஆக, அனுமதிகளில் பெரும்பாலானவை குரோனெக்கர் இறந்து எட்டு ஆண்டு கழித்து வந்தவை. நடுவில் இருக்கிற பதினைந்து வருஷத்தில் கேன்டரின் புகழ்பெற்ற மூலைவிட்ட நிரூபணம் வந்தது, ஜெர்மன் கணிதச் சங்கம் தொடங்கியது, 1895, 1897 கட்டுரைகள் வந்தன. கேன்டருக்கு இருந்தது இருமுனை மனநோய், காரணம் உள்ளிருந்து வந்தது, வெளிச் சண்டைகள் தூண்டியிருக்கலாமே தவிர உண்டாக்கவில்லை என்பதுதான் 1971க்குப் பிறகு பெரும்பாலோர் ஏற்கிற கருத்து.

மகன் ருடால்ஃப் இறந்ததால்தான் நோய் முற்றியது என்பதற்கும் இதே ஆண்டுத்தாள் போதும். மகன் இறந்தது 1899 டிசம்பர் 16. மருத்துவமனை அனுமதி அதே ஆண்டு அதற்கு முன்பே.

மலைக்காரர்கள் சட்டென்று பிடித்துவிடக்கூடிய ஒரு பிழையும் இங்கே இருக்கிறது. 1891 செப்டம்பரில் ஹாலேயில் நடந்த ஜெர்மன் கணிதச் சங்கத்தின் முதல் கூட்டத்துக்குக் கேன்டர் குரோனெக்கரையே பேச அழைத்தார். மனைவிக்கு நேர்ந்த விபத்தால் அவர் வரவில்லை. பனிச்சறுக்கு விபத்து என்று ஒரு பக்கம், மலையேற்ற விபத்து என்று இன்னொரு பக்கம். மனைவி இறந்தது ஆகஸ்ட் 23. கோடையின் உச்சத்தில் 1891இல் யார் பனிச்சறுக்குப் போனார்கள்? மாதத்தைப் பார்த்தாலே எது பொருந்தும் என்று தெரிகிறது.

மேற்கோள்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கணக் கோட்பாடு ஒரு நோய், பிற்காலத்தவர் அதிலிருந்து குணமாகிவிடுவார்கள் என்று பிரெஞ்சுக் கணிதர் புவான்கரே சொன்னதாக எல்லா இடத்திலும் வரும். 1991இல் கணித வரலாற்றாசிரியர் ஜெரமி கிரே தேடிப் பார்த்து, அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டார். 1908 ரோம் மாநாட்டு உரையில் புவான்கரே மருத்துவ உவமை ஒன்றைப் பயன்படுத்தினார், ஆனால் அது முரண்பாடுகளைப் பற்றி. முழு எண்களைக் கடவுள் படைத்தார், மற்றதெல்லாம் மனிதன் வேலை என்ற குரோனெக்கரின் வாக்கியமும் அவர் எழுத்தில் இல்லை. 1886இல் பெர்லின் உரை ஒன்றில் சொன்னதாக, அவர் இறந்த பிறகு 1893இல் ஹைன்ரிக் வெபர் எழுதிய அஞ்சலியில் வருகிறது. கேன்டரை இளைஞர்களைக் கெடுப்பவர் என்று திட்டியதும் மூன்றாவது ஆள் வாயிலாக வந்ததே. சார்ட்டில் போடலாம், ‘சொன்னதாக’ என்ற ஒரு சொல்லோடு.

கணிதத்திலேயே ஒரு தப்பு, ஆசிரியர்கள் அதிகம் செய்வது: மூலைவிட்ட நிரூபணம் 1874 என்பது. 1874 கட்டுரையில் மெய்யெண்கள் எண்ணிடத்தக்கவை அல்ல (1, 2, 3 என்று வரிசை எண் கொடுத்து அடக்க முடியாது) என்பதற்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இடைவெளிகளை வைத்து நிரூபணம். மூலைவிட்டம் 1891. அந்த 1874 கட்டுரையின் இன்னொரு பாதியான இயற்கணித எண்களின் (முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புச் சமன்பாடுகளின் தீர்வுகள்) எண்ணிடல் டெடகிண்ட் கடிதத்தில் அனுப்பிய நிரூபணம். ஏறக்குறைய அப்படியே வந்திருக்கிறது, பெயர் இல்லாமல். டெடகிண்ட் இதைத் தன் குறிப்பில் எழுதி வைத்தார், வெளியே பேசவில்லை. குரோனெக்கர் கேன்டருக்குச் செய்ததை எழுதுகிறவர்கள் கேன்டர் டெடகிண்டுக்குச் செய்ததை விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேலை முறை இதுதான். மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டைக்கு ஒரே ஒரு வாக்கியம். அதன் கீழே சொன்னவர், சொன்ன ஆண்டு, அவருக்கு அது எப்படித் தெரியும். நாலாவது வரி காலியாக நிற்கிற அட்டை சார்ட்டுக்குப் போகாது. ‘இணையத்தில் இருந்தது’ என்பது நாலாவது வரிக்குப் பதில் ஆகாது. அந்தப் பக்கம் யாரைப் பார்த்து எழுதியது என்று ஒரு படி பின்னால் போங்கள். பெல்லில் போய் முட்டினால் அந்தத் தடம் அங்கே முடிந்தது, வேறு தடம் தேடுங்கள். ஐந்து பக்கங்கள் ஒரே விஷயத்தைச் சொல்லி ஐந்தும் பெல்லிடமிருந்து எடுத்திருந்தால் அது ஒரு சான்றுதான். ஒரே அட்டையில் ‘மற்றும்’, ‘அதனால்’ வந்தால் அட்டையைக் கிழித்து இரண்டாக்குங்கள். ‘அதனால்’ என்ற சொல்லுக்குத் தனியாகச் சான்று வேண்டும். ஜெர்மன் தெரியாதது பெரிய தடை இல்லை. 1874, 1891, 1895 கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்டையும் குறியீட்டையும் படத்தையும் பார்க்க மொழி வேண்டியதில்லை.

ஒன்பது வரி இப்படி வரும்:

ஜார்ஜ் கேன்டர் 1845 மார்ச் 3 அன்று (அன்றைய ரஷ்ய நாட்காட்டியில் பிப்ரவரி 19) செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை கோபன்ஹேகனில் பிறந்த லூத்தரன் வணிகர், தாய் கத்தோலிக்க இசைக் குடும்பத்தவர். கேன்டர் லூத்தரனாக வளர்ந்தார். தந்தையின் பெற்றோர் கோபன்ஹேகனின் போர்ச்சுகீசிய யூதச் சமூகத்தவர் என்று 1896 கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். 1869 முதல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மெய்யெண்கள் எண்ணிடத்தக்கவை அல்ல என்று 1874இல் நிரூபித்தார். மூலைவிட்ட நிரூபணம் 1891இல். 1884இலும், 1899 முதல் பலமுறையும் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றார். 1918 ஜனவரி 6 அன்று ஹாலே மருத்துவமனையில் இறந்தார்.

மனநோய் வரியில் ‘பைத்தியம்’ வேண்டாம், காரணமும் வேண்டாம். யூத முன்னோர் வரியை நீக்கச் சொல்கிறவரும் வருவார், ‘யூத மேதை’ என்று தலைப்பில் போடச் சொல்கிறவரும் வருவார். இருவருக்கும் அதே அட்டையைக் காட்டுங்கள். அட்டைகளைச் சார்ட்டின் பின்பக்கம் ஒரு உறையில் வைத்துத் தைத்துவிடுவது நல்லது. டிசம்பர் மூடுபனியில் செல்லோடேப் இரண்டு நாள் தாங்காது.

படம் தேடும்போது குடும்பப் பெயரை மட்டும் போடாதீர்கள். மோரிட்ஸ் கேன்டர் என்று இன்னொருவர் இருக்கிறார், ஹைடல்பெர்கில் கணித வரலாறு எழுதியவர், 1829 முதல் 1920 வரை, யூதக் குடும்பம். அவருடைய விவரங்கள் இவர் கணக்கில் ஏறிவிடும். படத்துக்குக் கீழே முழுப் பெயரைப் போடுங்கள்: ஜார்ஜ் ஃபெர்டினாண்ட் லுட்விக் பிலிப் கேன்டர்.